பத்து எண்ணும் மட்டும்

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: கற்பிட்டிக் கரையின் சரித்திரத்திலேயே ஆகச் சிறந்த உரை, இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை, தாஹிர் வீட்டுக் குசினிப் படியில் நிகழ்த்தப்பட்டது. தலைமையுரை கிடையாது, பொன்னாடை கிடையாது. உரையாற்றியவருக்கு வயது நாலு. காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது.

அந்த உரையின் அருமை விளங்க வேண்டுமென்றால் முதலில் தாஹிரின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தாஹிர் தொழிலால் அறிவிப்பாளன். த்ரீவீலுக்கு மேலே இரண்டு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கிய அவனுக்கு எட்டு வயது. வீடு, வளவு, ஆடு, மாடு எல்லாவற்றையும் விட்டுவந்த குடும்பம் வாயை மட்டும் சேதாரமில்லாமல் கொண்டுவந்திருந்தது. இப்போது கண் பரிசோதனை முகாமானாலும் காணாமற்போன ஆடானாலும் தாஹிர் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். ஆட்டைத் தேடுவதற்கும் "பேரன்பும் பெருமதிப்பும் மிக்க" என்றுதான் தொடங்குவான். ஆடு தானாகவே வீடு வந்து படுத்த பிறகும் அறிவித்தல் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பேர்ப்பட்டவனின் ஒரே மகள் ஹஃபீலா கதைக்கவில்லை.

காதில் குறையில்லை என்று சிலாபத்தில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்புவாள், சிரிப்பாள், வேண்டியதைப் பார்த்து விரலை நீட்டுவாள். விரல் பாதி நீளுமுன்னரே பொருள் கைக்கு வந்துவிடும். அவ்வளவு அன்பான வீடு. நாக்கில் தேன் தடவினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். தாஹிரோடு பிறந்த மூத்த ராத்தா மஹ்மூதா வந்து பார்த்துவிட்டு, பிள்ளையின் பங்கையும் சேர்த்து இவனே கதைத்துத் தீர்த்துவிட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

தாஹிருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. மகள் ஒருதரம் தன்னை 'வாப்பா' என்று கூப்பிட வேண்டும். மைக்கைக் கீழே வைக்கிற ஒவ்வொரு முறையும் அவன் நெஞ்சுக்குள் ஓடியது அந்த ஒரு சொல்தான்.

சிலாபம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ் சிங்களப் பெண். தமிழில் ஒரு ஐம்பது சொல் தெரியும். தாஹிர் அவளுக்கு மகளின் நிலைமையைக் கால்மணி நேரம் விளக்கினான். "இறையருளால் எமக்குக் கிட்டிய மழலைச் செல்வம்" என்ற இடத்துக்கு வந்தபோது மிஸ் கையை உயர்த்தி நிறுத்தினாள். ஒரு பந்தை எடுத்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். "பந்து" என்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தாள்.

ஹஃபீலா அந்த வாயையே பார்த்தாள். அவளுடைய உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. சத்தம் வரவில்லை. ஆனால் இந்த நாலு வருடத்தில் தாஹிர் அப்படியோர் அசைவைக் கண்டதில்லை.

"அப்பா நிறைய கதை," என்றாள் மிஸ். "பிள்ளைக்கு இடம் இல்லை. ஒரு சொல் சொல்லுங்க. பத்து எண்ணுங்க. பார்த்துக்கொண்டு இருங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவன் மனைவி சுல்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள். எட்டு வருடமாக வீட்டில் அவள் சொல்லி எடுபடாததை ஓர் அரசாங்க உத்தியோகத்தர் சொல்லிவிட்டாரே.

சுல்பாவால் பத்து வரை எண்ண முடிந்தது. தாஹிருக்கு மூன்றில் நாக்கு அரிக்கும். நாலில் "அன்பு மகளே" என்று தொடங்கிவிடுவான். சொன்ன சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்றும் மிஸ் சொல்லியிருந்தாள். அதை அவன் தன் தொழில்முறைப்படி விளங்கிக்கொண்டான். 'வாப்பா' என்று நூறு தரம் கணீரென்று பதிவுசெய்து, அறிவித்தல்கள் இருக்கிற பென்ட்ரைவிலேயே போட்டான். வீட்டில் அதைப் போட்டுக் காட்டியபோது ஹஃபீலா காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

மறுநாள் சந்தியில் வண்டியை நிறுத்தி, கால்பந்து இறுதிப்போட்டி அறிவித்தலை ஓடவிட்டுவிட்டுச் சவரத்துக்குப் போனான். எப்போதும் செய்கிறதுதான். அறிவித்தல் முடிந்தால் தானாக நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. வெற்றிக் கிண்ணத்தைச் சுவீகரிக்கப்போவது யார் என்ற கேள்வி முடிந்ததும் இரண்டு ஸ்பீக்கர்களும் "வாப்பா" என்றன. மீண்டும் "வாப்பா" என்றன. கழுத்தில் சவரக்கத்தி இருந்ததால் தாஹிரால் எழும்ப முடியவில்லை. பாதிக் கன்னத்து நுரையோடு அவன் ஓடிவந்து சேர்ந்தபோது அறுபது முடிந்திருந்தது, பாடசாலையும் விட்டிருந்தது.

அதற்குப் பிறகு அவனுடைய த்ரீவீலைக் கண்ட வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் எல்லாம் "வாப்பா" என்றுதான் கூப்பிட்டன. ஒரு கிழமை கழித்தும் அது ஓயவில்லை. சந்திக் கடை மிஹ்லார் தேத்தண்ணியை மேசையில் வைத்தபடி கவலையோடு கேட்டான்: "தாஹிர் நானா, இவ்வளவு புள்ளைக்கும் பெருநாள் உடுப்பு எங்க எடுக்கப் போறீங்க?"

கடையே சிரித்தது. தாஹிரும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஊர்ப் பிள்ளைகள் முழுக்கக் கூப்பிட்டாயிற்று. கூப்பிட வேண்டியவள் கூப்பிடவில்லை. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தான்.

அடுத்த நாள் வெள்ளி. வண்டியை எடுக்கவில்லை. மாரி பிஸ்கட் பக்கெட் ஒன்றின் உறையைப் பிரித்துக்கொண்டு குசினிப் படியில் போய் உட்கார்ந்தான். ஹஃபீலா ஒற்றைச் செருப்போடு வந்து பக்கெட்டுக்கு நேரே விரலை நீட்டினாள். அவன் கை தன்பாட்டில் பிஸ்கட்டை எடுத்துவிட்டது. உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுல்பாவின் குரல் வந்தது.

"இஞ்ச பாருங்க, குடுத்துராதீங்க. வாயையும் தெறக்காதீங்க."

பிஸ்கட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். "தா" என்றான். வாயை மூடினான்.

மூன்றில் நாக்கு அரித்தது. நாலில் உதட்டைக் கடித்துக்கொண்டான். வேறு வேலை இல்லாததால் மகளின் முகத்தைப் பார்த்தான். மேல் உதட்டுக்கு மேலே ஒரு மச்சம் இருந்தது. இது எப்போதிருந்து இங்கே இருக்கிறது? ஏழில் அவள் புருவத்தைச் சுருக்கி அவன் வாயைப் பார்த்தாள். சத்தம் போடாத அந்த வாய் அவளுக்குப் புதினமாக இருந்திருக்கும். பத்தும் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மிஸ் சொன்ன கணக்கு முடிந்தது, இனிக் கதைக்கலாம். வேலியோரம் இரண்டு கழுதைகள் புல்லை மேய்ந்துகொண்டு போயின.

பதினொன்று, பன்னிரண்டு என்று தாஹிர் எண்ணிக்கொண்டே போனான்.

பதினாறில் அவளுடைய நுனி நாக்கு மேல்பல்லைத் தொட்டது. திரும்ப உள்ளே போயிற்று. பத்தொன்பதில்,

"த்தா."

தாஹிரின் தொண்டை வரை ஒரு நன்றியுரை வந்து நின்றது. வாசலுக்கு வந்திருந்த சுல்பா, தேங்காய்ப் பாதியைப் பிடித்திருந்த கையால் கண்ணைத் துடைத்தபடி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் நன்றியுரையை விழுங்கிவிட்டுப் பிஸ்கட்டைக் கொடுத்தான். ஹஃபீலா தின்று முடித்தாள், பக்கெட்டைப் பார்த்தாள்.

"தா," என்றாள். இந்த முறை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் மிஹ்லார் என்ன புதினம் என்று கேட்டான். "கதச்சிட்டா," என்றான் தாஹிர். மிச்சத்தையும் சொல்வான் என்று மிஹ்லார் செருப்பைப் போடாமல் நின்றான். மிச்சம் வரவில்லை.

'வாப்பா' இன்னும் பாக்கிதான். வரட்டும். தாஹிருக்கு இப்போது பத்தொன்பது வரை எண்ணத் தெரியும்.

ஒரு பக்கெட் பிஸ்கட்டும் உள்ளே போயிருந்ததால் அன்று பகல் ஹஃபீலா சோறு தின்னவில்லை.