கிழவன் என்றொரு கைக்குழந்தை

1.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையின் முதல் வரியிலேயே குழந்தையின் பெயரை எழுதிவிட்டேன். யூத ஆண்பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விருத்தசேதனச் சடங்கு முடியும்வரை அதை யாரும் வெளியே விடக் கூடாது. ஜெருசலேமில் எங்கள் தெருவுக்கு நான் வந்து இருபது வருஷமாகிறது, இருந்தும் கை முந்திக்கொண்டது. கீழ்வீட்டு ப்ளூமா, பிள்ளையின் தாய், என் மேசையில் தாளைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அடிங்க, முதல்ல அத அடிங்க!"

மரண தூதன் என் கையெழுத்தைப் படிப்பான் என்று நம்புகிறவள் அல்ல நான். ஆனாலும் மூன்று முறை அடித்தேன்.

[■■■■■ பிறந்தபோது ஒன்றேகால் கிலோ]

2.

ஜெருசலேமில் அன்று மழை பிடித்துக்கொ

(வேண்டாம். மழையில் தொடங்கினால் பிள்ளை பிழைக்காது என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். ப்ளூமாவுக்கு முன்பு இரண்டு பிள்ளைகள் பிறந்து, மாதம் திரும்புவதற்குள் போய்விட்டன. மூன்றாவது ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. எட்டாம் நாள் செய்ய வேண்டிய விருத்தசேதனச் சடங்கை டாக்டர் தள்ளிப்போட்டார். பெட்டியில் ஒட்டிய சீட்டில் 'ப்ளூமாவின் மகன்' என்று மட்டுமே இருந்தது.

3.

ப்ளூமாவின் புருஷன் சன்விலின் அக்கா ஹிண்டாவை முதலில் வில்லியாகத்தான் எழுதினேன். தினமும் இரண்டு பஸ் மாறி சூப் கொண்டுவந்தவளை அப்படி எழுதியது அநியாயம்.

"ஆல்ட்டர்னு வைடீ," என்றாள் ஹிண்டா.

ஆல்ட்டர் என்றால் இட்டிஷ் மொழியில் கிழவன். போலந்து, உக்ரைன் ஊர்களில் பிள்ளை தங்காத வீடுகளில் வைத்த பெயர். பச்சைக் குழந்தையைத் தேடி வருகிற மரண தூதன், இங்கே ஒரு கிழவன்தானே இருக்கிறான் என்று ஏமாந்து திரும்பிவிடுவானாம். இப்போது அபூர்வமாகிவிட்டது.

"எங்க அப்பா பேரு இருக்கு அண்ணி. ஒளிச்சு வச்சு வளக்க எம் புள்ள என்ன திருட்டுச் சாமானா?"

"ரெண்டுக்கும் நல்ல பேராத்தான வச்ச. தங்குச்சா?"

(இந்த வரியை எடுத்துவிடச் சொல்லி ஹிண்டாவே என்னிடம் கெஞ்சினாள். எடுக்க மாட்டேன். ஆனால் சொன்ன மறுநொடி இருவரும் கட்டிக்கொண்டு அழுததையும் சேர்த்துக்கொள்கிறேன்.)

4.

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். முதலாவதில், பெட்டி காலியாக

இரண்டாவதில், ப்ளூமா தனியாக

இரண்டையும் கிழித்துவிட்டேன். எழுத்துக்கு இது நல்லதா என்று கேட்காதீர்கள். எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும், அவ்வளவுதான்.

5.

ஒன்பதாம் வாரம் டாக்டர் சரி என்றார். சடங்கன்று காலை உடுத்திவிடும்போது பிள்ளை நெற்றியைச் சுருக்கி ப்ளூமாவை முறைத்தது. வாயில் பல்லில்லை, தலையில் முடியில்லை. மாதக் கணக்கில் சிரிக்காதவள் குலுங்கிச் சிரித்தாள்.

ஜெபக்கூடம் நிறைந்திருந்தது. பெயர் கேட்டார்கள். பேசி வைத்தபடி மாமனார் பெயரைச் சொல்ல வேண்டிய சன்வில், பிள்ளையின் குல்லாவைச் சரிசெய்யக் குனிந்துவிட்டான். பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"ஆல்ட்டர்!"

ஹிண்டா திகைத்துப்போனாள். "மாட்டேன்னியேடீ?"

"நீங்க சொன்ன காரணத்துக்கு இல்ல அண்ணி. யாரையும் ஏமாத்த வேணாம். எம் புள்ள நெசமாவே கெழவனாகணும். பல்லு கொட்டணும், மருமகளத் திட்டணும், கைத்தடிய எங்கயோ வச்சுட்டு வீடு பூராத் தேடணும். வர்றவன் அதுவரைக்கும் வாசல்ல நிக்கட்டும்!"

"மஸல் டோவ்!" என்று கூடமே வாழ்த்திக் கத்தியது. ஹெர்ரிங் மீன் தட்டோடு நின்ற நானும் கத்தினேன். இத்தனை சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை.

6.

மூன்றாவது முடிவை நான் எழுதப்போவதில்லை. கிழவன் என்று பெயர் வைத்த பிள்ளைக்கு நான் எப்படி முடிவெழுத? எனக்கே அறுபத்தொன்பது. கீழே பாலுக்காக அவன் போடுகிற கூச்சலில் என் மேசை அதிர்கிறது.

மீதியை நீங்கள் எழுதுங்கள். எங்கள் தெருவில் வாழ்த்துகிற கணக்கு நூற்றிருபது வயது. அதற்கு ஒரு நாள் முன்னால் முடித்தாலும், ப்ளூமா அதை அடிக்கச் சொல்லி உங்கள் வீட்டுக்கும் வந்துவிடுவாள்.