ஆரஞ்சு நிழலுக்குக் கொடுத்த சான்றிதழ்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நிறமித் தொழிற்சாலையில் மூட்டை பிரிக்கும் பெண்ணின் நிழல் ஆரஞ்சு நிறமானது. தரையில் ஏதோ கொட்டிவிட்டது என்று நினைத்த மேற்பார்வையாளர் துடைப்பம் கொண்டுவரச் சொன்னார். பெண் நகர்ந்தாள், கறையும் நகர்ந்தது. அந்த ஆலையில் அதிகம் விற்கும் இருபத்தொன்பதாம் எண் ஆரஞ்சின் அதே நிறம், மஞ்சள் பக்கம் இம்மிகூடச் சாயாமல். அவர் பதிவேட்டில் "நிழல், ஆரஞ்சு, ஒரு நபர்" என்று எழுதினார். வெள்ளைத் துணி அடுக்கியிருந்த மேசைப் பக்கம் போகாதே, ஒட்டிக்கொள்ளும் என்று அவளை எச்சரித்தார். மதியத்துக்குள் விஷயம் சங்கத்துக்குப் போய்விட்டது.

சாயமும் நிறமியும் தயாரிக்கும் முப்பத்திரண்டு முதலாளிகள் சேர்ந்து நடத்திய சங்கம் அது. காகிதக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் நீள மேசையும் தலைவரின் நாற்காலியும். மற்றதில் சோதனைக்கூடம்: துவைக்கும் டப்பாக்கள், உரசும் இயந்திரம், ஒரு விளக்குப் பெட்டி. அங்கே சோதனை செய்பவளை எல்லோரும் நாலரை என்றுதான் கூப்பிட்டார்கள். துவைத்த துணியையும் துவைக்காத துணியையும் அருகருகே வைத்து, சாம்பல் பட்டைகள் ஒட்டிய ஓர் அட்டையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது அவள் வேலை. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் ஐந்து. படுமோசம் என்றால் ஒன்று. பதினாறு வருடத்தில் அவள் யாருக்கும் ஐந்து போட்டதில்லை. வானவில்லைக் கொண்டுவந்து கொடுத்தாலும் நாலரைதான் போடுவாள் என்று முதலாளிகள் பொருமினார்கள். பொருமிவிட்டு அவளிடமே அனுப்பினார்கள், ஏனென்றால் அவள் கையெழுத்து இருந்த சரக்கு எந்தத் துறைமுகத்திலும் நின்றதில்லை.

மூட்டை பிரிக்கும் பெண் நாலரையின் நாத்தனார். கட்டியவன் விட்டுவிட்டுப் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அண்ணன் லாரி எடுத்துக்கொண்டு போனால் திரும்பப் பத்து நாளாகும். அதுவரை வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான், சண்டைக்குக் குறைவில்லை. அன்று சாயங்காலம் சமையலறைச் சுவரில் ஆரஞ்சு நிழல் விழுந்தபோது நாத்தனாருக்குச் சிரிப்பாக வந்தது.

"அண்ணி, உங்க அட்டைய எடுங்க. எனக்கு எத்தன மார்க்குன்னு பாத்துடலாம்."

"முதல்ல ஆடாம நில்லு."

"என்னை விட்டுட்டுப் போனவன்கூட இப்படி உத்துப் பாத்ததில்ல."

சங்கம் முறைப்படி சோதிக்கச் சொன்னது. நாலரை முதலில் நிழலின் நிறத்துக்குச் சரியாக ஒரு காகிதத் துண்டில் வண்ணம் கலந்து பூசி வைத்துக்கொண்டாள். பிறகு வெள்ளை ஓடு பதித்த தரையில் நிழலை விழவிட்டு, வெந்நீரும் சோப்பும் ஊற்றி அரை மணி நேரம் தேய்த்தாள். உலர்ந்த துணியால் உரசினாள், ஈரத் துணியால் உரசினாள்; துணியில் பொட்டுக் கறை இல்லை. ஐந்து நாள் கடும் விளக்கடியில் நிற்கவைத்தாள். நாத்தனார் அங்கே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு அண்ணியை வம்புக்கு இழுத்தாள். நிழல் வெளுக்கவில்லை. காகிதத் துண்டோடு வைத்துப் பார்த்தால் முதல் நாள் இருந்தபடியே இருந்தது. நாலரை இரண்டு தடவை கண்ணைக் கழுவிவிட்டு வந்து பார்த்தாள். பிறகு வாழ்க்கையில் முதன்முறையாக ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சங்கத் தலைவர்தான் அந்த ஆரஞ்சின் முதலாளி. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சங்கச் சுவரில் மாட்டினார். மூட்டைகளின் மேல் ஒரு பெண்ணின் நிழலை அச்சடித்து, கீழே "போகாத நிறம்" என்று போட்டார். மூன்று வாரம் நாத்தனார் தன் உருவத்தைத் தானே கத்தியால் கிழித்துப் பவுடரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காவது வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு காலை டீ டம்ளரை எடுக்கப் போனபோது மணிக்கட்டு நிற்காமல் தொங்கிவிட்டது. மருத்துவர் அவள் நிழலைப் பார்த்தார், எந்த ஆலை என்று கேட்டார், ரத்தம் எடுத்தார். ரத்தத்தில் ஈயம் இருந்தது. இருபத்தொன்பதாம் எண் ஆரஞ்சு பளிச்சென்று இருப்பதே அந்த ஈயத்தால்தான். அது நாலரைக்குத் தெரியும், முப்பத்திரண்டு முதலாளிகளுக்கும் தெரியும். துணிக்கு அதனால் கெடுதல் இல்லை என்பதால் யாரும் அதைச் சோதனைப் பட்டியலில் சேர்த்ததில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாலரை உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சுவரில் இரண்டு நிழல்கள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருந்தன. பழக்கதோஷத்தில் பையிலிருந்து அட்டையை எடுத்து இரண்டுக்கும் நடுவே பிடித்தாள். ஒன்று. அதற்குக் கீழே அட்டையில் பட்டை கிடையாது.

"நான் தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"உன்ன உன்னோடயே ஒப்பிட்டுட்டேன்."

"ஆமா, எப்பவும் பக்கத்து வீட்டுக்காரியோடதான ஒப்பிடுவீங்க. அப்பவும் அதையே செஞ்சிருக்கலாம்."

நாலரைக்கு அழுகை வரவில்லை. எழுந்து நேராகச் சங்கத்துக்குப் போய்ச் சட்டத்தைக் கழற்றி, சான்றிதழின் குறுக்கே "ரத்து" என்று எழுதினாள். அன்றே உட்கார்ந்து புதிய தரவிதியும் எழுதினாள். நிறமியில் ஈயம் கூடாது. பவுடரைத் திறந்த மூட்டையில் கையாளக் கூடாது. மூடிய தொட்டியில் குழைத்தே அனுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. தினமும் ஷிஃப்ட் தொடங்குமுன் வெயிலில் நிழல் பரிசோதனை, சாதாரண மனித நிழலோடு ஒப்பிட்டு; நான்குக்குக் கீழே போன தொழிலாளரைப் பவுடர் பக்கம் விடக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை பொதுக்குழு கூடியது. முப்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

"போட்ட கையெழுத்த எப்படிம்மா வாபஸ் வாங்குவ?" என்றார் தலைவர்.

"தப்பாப் போட்டேன். வாங்கறேன்."

"முகமூடி குடுத்திருக்கு. போடாம கவனக்கொறவா இருந்தா அதுக்குச் சங்கம் என்ன பண்ணும்? சரி, நேரத்த வீணாக்க வேணாம். இந்த விதி வேணாங்கறவங்க கையத் தூக்குங்க."

முதுகுப் பக்கம் கிழக்குச் சன்னல், எதிரே வெள்ளைச் சுவர். பேனாவும் கோப்புமாகக் குனிந்திருந்தவர்களில் முப்பது பேர் கையைத் தூக்கினார்கள். சுவரில் முப்பது கைகளின் நிழல் எழுந்தது: நீலம் செய்பவருடையது நீலமாக, பச்சை செய்பவருடையது பச்சையாக, மற்றவை அவரவர் சரக்கின் நிறத்தில். கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பவுடரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பது எல்லா முதலாளிகளுக்கும் உள்ள பழக்கம். தலைவரின் கை முழங்கைவரை ஆரஞ்சாக இருந்தது. நீலக்காரர் கையை மெல்ல இறக்கி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் இறங்கின. தலைவரின் கை மட்டும், மறந்துபோனதைப் போல, மேலேயே நின்றது.

"எத்தனம்மா?"

நாலரை சுவரருகே போய் அட்டையைப் பிடித்தாள். "ரெண்டு."

"என் மகளும் பவுடர இப்படித் தேய்ச்சுத்தான் பாக்கறா" என்றார் அவர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு வரைவை இழுத்து வாசித்தார். "தொழிலாளர்" என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, "ஆலைக்குள் நுழையும் எவரும்" என்று தன் கையாலேயே எழுதினார். அந்த ஒரு திருத்தத்தோடு விதி நிறைவேறியது.

இருபத்தொன்பதாம் எண் ஆரஞ்சு பட்டியலிலிருந்து போனது. அதற்குப் பதில் வந்த நிறம் கொஞ்சம் மங்கல். வாங்குகிறவர்கள் ஒரு வருடம் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். நீலக்காரரின் நிழல் இரண்டாம் வருடத்தில் தெளிந்தது. தலைவருடையது தோள்வரை ஏறி நின்றது, அதற்கு மேலே ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மற்ற ஊர்ச் சங்கங்கள் விதியைக் கேட்டு எழுதின. இவர்கள் படியெடுத்து அனுப்பினார்கள். நாத்தனாரின் மணிக்கட்டு நிற்க எட்டு மாதமாயிற்று. சங்கம் அவளை ஆலை வாசலில் நிழல் பார்க்கும் வேலையில் வைத்தது. வெளுத்த ஆரஞ்சு நிழலோடு, அட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாக வெள்ளை விரிப்பைக் கடக்கிறவர்களுக்கு மதிப்பெண் சொன்னாள். குறைந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். அழுதாலும் அனுப்பினாள்.

மேகம் மூடிய நாட்களில் அங்கே ஷிஃப்ட் தாமதமாகத்தான் தொடங்கும். தலைவர் பொறுப்பை மகளிடம் கொடுத்த பிறகு ஒரு ஜூலை மாதம் மூன்று நாள் சூரியனே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் மகள் வந்து, அனுப்ப வேண்டிய சரக்கு நிற்கிறது, இன்றைக்கு மட்டும் விடுங்கள் என்று கேட்டாள்.

"நிழல் விழட்டும், விடறேன்" என்றாள் நாத்தனார். "நீங்களும் வரிசையில நில்லுங்கம்மா. முன்னாடி இல்ல, கடைசியில."

முதலாளியம்மா வரிசையின் கடைசிக்குப் போய் நின்று, மற்றவர்களோடு சேர்ந்து வானத்தைப் பார்த்தாள்.