முதல் வரியில் ஒரு பெயர்

வீடியோவில் நடந்த நேர்முகத் தேர்வு சூடு பிடிக்கிற நேரத்தில் ரேஷ்மாவின் லேப்டாப் அணைந்துபோனது. முன்னறையில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த இஸ்மாயிலுக்கு, மனைவியின் குரல் பாதியில் நின்றது கேட்டது. வெளியே மெட்ரோ வேலையின் இரைச்சல் உள்ளே வரக்கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டுத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் எழுந்துபோய்ப் பார்த்தபோது, கறுத்த திரைக்கு முன்னால் நெற்றி வியர்க்க, தேர்வுக்காக வைத்திருந்த சிரித்த முகம் கலையாமல் அப்படியே இருந்தாள். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தவள், மகள் பிறந்ததும் விட்டுவிட்டாள். பல வருடம் கழித்து இப்போதுதான் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது.

"சூடாகி ஆஃப் ஆயிடுச்சுங்க. இது இப்டி ஆகாதே!"

அவன் அடியில் கை வைத்தான். தோசைக்கல்லாகக் கொதித்தது. அவள் அவசர அவசரமாக அவனுடைய போன் வழியாகத் தேர்வில் மறுபடி சேர்ந்து ஏதோ பேசி முடித்தாள். நாங்களே கூப்பிடுகிறோம் என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

ஏன் கொதித்தது என்று இஸ்மாயிலுக்குக் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போட்ட லேப்டாப்பில் பிராசஸர் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று கடிவாளம் போடுகிற சின்ன மென்பொருள் ஒன்று உண்டு. அதை எழுதுகிறவர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறார். அதன் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் மற்றவர்கள் சுலபமாக நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கட்டித் தருவது இஸ்மாயில். சம்பளம் கிடையாது. ஆபீஸில் அவன் எழுதிக் குவித்ததில் எங்கும் அவன் பெயர் இல்லை. இந்தப் பேக்கேஜின் கோப்பில் மட்டும் முதல் வரியே, 'பராமரிப்பவர்: முகமது இஸ்மாயில்'. ஒரு தடவை மாமனாரிடம் பெருமையாகக் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்பெல்லிங் கரெக்டாதான் கீது" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

முந்தின நாள் புதுப் பதிப்பு வந்திருந்தது. பேக்கேஜ் பழசாகிவிட்டது என்று, அது கிடைக்கிற இணையதளத்தில் யாரோ சிவப்பாகக் குறி வைத்துவிட்டார்கள். அந்தச் சிவப்பைக் கண்டால் அவனுக்குச் சோறு இறங்காது. பதிப்பு எண்ணை மாற்றினான், கட்டிப் பார்த்தான், பிழை எதுவும் வரவில்லை, ஏற்றிவிட்டான். ஓட்டிப் பார்க்காமல் ஏற்றக்கூடாது என்பது இந்த வேலையின் பாலபாடம். ஆனால் ஆபீஸ் கொடுத்த புது லேப்டாப்பில் வேறு பிராசஸர், இந்த மென்பொருள் அதில் ஓடவே ஓடாது. ஓடக்கூடிய பழைய லேப்டாப்பை ரேஷ்மாவுக்குக் கொடுத்துவிட்டிருந்தான். பக்கத்து அறையில்தான் அவள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்கத் தோன்றவில்லை. தேர்வுக்கு எல்லாம் புதுசாக இருக்கட்டும் என்று, அவள் படுக்கப்போன பிறகு அதே பேக்கேஜை அதில் ஏற்றி, அப்போதும் ஓட்டிப் பார்க்காமல் மூடியும் வைத்தான்.

"நேத்து நான் போட்ட அப்டேட்தான்," என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஓட்டிப் பாக்கலியா?"

"ஆபீஸ் மெஷின்ல அது ஓடாது, ரேஷ்மா."

"ஓடுற மெஷின் என்னாண்டதானே கீது?" குரல் உயரவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓட்டிப் பாத்திருக்க மாட்டேனா? நான் இன்னா வேல பாத்தவன்னு உங்களுக்கு மறந்தே போச்சா?"

அவன் போய் ஃபேனைப் போட்டுவிட்டு வந்தான். உண்மையாகவே மறந்துபோயிருந்தான், அதுதான் வெட்கமாக இருந்தது.

லேப்டாப் கொஞ்சம் ஆறியதும் அவளே அதை முடுக்கினாள். புதுப் பதிப்போடு வந்த குறிப்பைத் திறந்து நிதானமாகப் படித்தாள். "எவ்ளோ கரண்ட் இழுக்கலாம்னு எழுதி வெக்கிற அமைப்புக் கோப்பு இருக்கற எடத்த மாத்திட்டாங்களாம். பழைய எடத்துல கீறத அது கண்டுக்காது. மூணாவது வரியிலயே எழுதிக்கீது." போட்ட கடிவாளம் ஒன்றும் பிடிக்கவில்லை, குதிரை இஷ்டத்துக்கு ஓடியிருக்கிறது. இதை நிறுவிக்கொண்ட யார் யாருடைய மேசையில் இன்றைக்கு எது அணைந்ததோ என்று நினைத்தபடியே அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

கோப்பைப் புது இடத்துக்குக் கொண்டுபோகும்படி பேக்கேஜைத் திருத்தினான். முடித்ததும் கை முதல் வரிக்குப் போனது. பேக்கேஜைக் கைமாற்றிக் கொடுக்கிறவர் பெயரை அழிக்கமாட்டார்கள், ஒரு வரி கீழே இறக்கி 'முன்பு பங்களித்தவர்' என்று போடுவார்கள். அதுதான் பேக்கேஜ் கட்டுகிறவர்களுக்குள் வழக்கம். அது ஓடுகிற மெஷினைக் கையில் வைத்திருக்காதவன் அந்த வரியில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று அவனுக்குப் பட்டது. தன் பெயரை வெட்டிக் கீழ்வரியில் ஒட்டினான். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. முதல் வரியைக் காலியாக விட்டு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

"உன் பேரப் போடு."

அவள் அந்த வரியைப் பார்த்தாள். அதில் எதுவும் எழுதாமல், முதலில் திருத்திய பேக்கேஜை நிறுவி, பிராசஸருக்கு முழுச் சுமை கொடுத்து ஓடவிட்டாள். லேப்டாப்பின் விசிறி சீறியது. இடது கையை லேப்டாப்புக்கு அடியில் கொடுத்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் போன் சத்தமில்லாமல் கிடந்தது.

"ஏத்திடலாமா?" என்றான்.

"இருங்க," என்றாள் கையை எடுக்காமல். "இன்னும் சுடுது."