ரவுடி ஊரில் இடது பக்கம்

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஷஹனாஸ் நடத்தும் கேம் சென்டரில், கம்பெனி பஸ் டிரைவர் தானியேல் முதன்முதலாக, கார் திருடி ஓட்டும் ரவுடி வீடியோ கேம் ஆட உட்கார்ந்தார். அதில் திருடிய காரை, கைப்பழக்கத்தில் இடது பக்கமே விட்டார். எதிரே வண்டிகள் சீறி வந்தன.

"அண்ணே, அது அமெரிக்கால இருக்குற ரவுடி ஊரு. ரைட்லதான் போவணும். பின்னாலயே போலீசு வருது, மாட்டிக்குவீங்க" என்றாள் ஷஹனாஸ்.

தானியேல் அசரவில்லை. எதிரே வந்த லாரிகளுக்கு நடுவில் வளைத்து வளைத்து ஓட்டினார். துரத்திய போலீஸ் கார்கள் ஒவ்வொன்றாக லாரிகளில் மோதி நொறுங்கின.

"இன்னாண்ணே, இங்க யாருமே இப்டி தப்பிச்சதில்லியே."

"சிப்காட் ரோட்ல தெனம் ராங் சைடுல வர லாரிங்க நடுவுலதாம்மா பஸ் ஓட்டிக்கினு இருக்கேன். இங்க அவனவன் அவன் லைன்ல நேரா வரான். இதப் போயி ரவுடி ஊருன்றியே."