உமாராணிக்காக நான் போட்ட டிக்

போலீஸ் வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இதுவரை நான் போட்ட பொய்க் கையெழுத்துகளுக்கு ஒரு நோட்டு போதாது. ரோந்து போகும் வழியில் கோயில் வாசல், பூட்டிய வீடு, ஏடிஎம் என்று அங்கங்கே நாங்கள் பட்டா புத்தகம் என்று சொல்லும் ரோந்து நோட்டு ஒன்று இருக்கும். போய்ப் பார்த்து, நேரம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். மழை பெய்தால் யார் போவது? மறுநாள் மொத்தமாகப் போட்டுவிடுவோம். பக்கம் காலியாக இல்லாவிட்டால் அதிகாரிக்குத் திருப்தி. அந்தப் புத்தி என்னோடு வீட்டுக்குள்ளும் வரும் என்று நான் நினைக்கவில்லை.

என் மனைவி உமாராணிக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம். பிரசவத்துக்குச் சுரண்டையில் அம்மா வீட்டுக்குப் போனவள் இன்னும் அங்கேதான் இருந்தாள். எனக்குப் புளியறை செக்போஸ்ட்டில் டியூட்டி. வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். முதல் மாதமே எனக்கு உறுத்தியது. பிள்ளையை மடியில் போட்டால் பால் கொடுப்பாள். முடிந்ததும் கீழே விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சோறு வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்க மாட்டாள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று அத்தை சொன்னார்கள். தென்காசியில் பார்த்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. இது மனச்சோர்வு, நிறையப் பேருக்கு வருகிறது, விட்டுவிடக் கூடாது என்று சொல்லி, ஆன்லைனில் நடக்கும் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு ஒன்றில் சேர்த்துவிட்டார்.

எட்டு வார வகுப்பு. செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்கு ஸ்ரீவித்யா என்ற கவுன்சலர் போனில் வருவார். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். நினைப்பு வந்தால் விரட்டவும் வேண்டாம், அதன் பின்னால் ஓடவும் வேண்டாம். வந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். சனிக்கிழமைதோறும் பத்துக் கேள்வி வரும். இந்த வாரம் சிரிக்க முடிந்ததா, தூக்கம் வந்ததா, பிள்ளையைத் தூக்கத் தோன்றியதா என்று. பதில் மோசமாக இருந்தால் ஸ்ரீவித்யா தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். சேர்க்கும்போது பழக்கதோஷத்தில் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். வகுப்பு லிங்க்கை அவளுக்கு அனுப்பிவிடுவேன். கேள்விகள் என்னிடமே தங்கிவிட்டன.

முதல் சனிக்கிழமை அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உங்களுக்குத் தோணுனதப் போடுங்க" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு என்ன தோன்றும்? உமாராணி என்றாலே எனக்குக் குற்றாலம் ஐந்தருவிதான். ஏழு வருஷத்துக்கு முன் சீசன் பந்தோபஸ்துக்கு என்னை அங்கே போட்டிருந்தார்கள். சாரல் நாள் முழுக்க நிற்கவில்லை. வரிசையை நகர்த்த விசில் ஊதி ஊதி என் கன்னம் வலித்தது. குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட வந்த ஒருத்தி என் எதிரே நின்று, "விசில் ஊதுனா அருவி நின்னுருமா சார்?" என்று கேட்டாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் அவள் படியிறங்கிப் போகிறவரை விசிலை வாயில் வைக்கவில்லை. பிறகு விசாரித்தால் சுரண்டை, தூரத்துச் சொந்தம். அடுத்த தையில் கல்யாணம்.

அதற்குப் பிறகு எந்த சீசனையும் நாங்கள் விட்டதில்லை. கூட்டம் சேருமுன் விடிகாலையில் போய்விடுவோம். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் கூச்சல் எனக்கு மட்டும் தனியாகக் கேட்கும், அல்லது கேட்பதாக நினைத்துக்கொள்வேன். கண் சிவந்து, உதடு நடுங்கி வருவாள். சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கினால் தன்னுடையதைத் தின்றுவிட்டு என் தட்டிலும் கை வைப்பாள்.

அந்த உமாராணியை நினைத்துக்கொண்டுதான், ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் டிக் போட்டேன். சிரிக்க முடிந்ததா? எப்போதும் போல. தூக்கம்? நன்றாக. பத்தாவது, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா என்ற கேள்வி. அதை முழுசாகப் படிக்காமலே 'ஒருபோதும் இல்லை' என்று அழுத்தினேன். அடுத்த வாரங்களில் அவளிடம் கேட்கவும் இல்லை.

ஐந்து வாரம் போன பிறகு ஒரு செய்தி வந்தது. உமாராணியிடம் நல்ல முன்னேற்றம், சம்மதமென்றால் அவருடைய இடத்தைக் காத்திருக்கும் இன்னொரு தாய்க்குக் கொடுக்கிறோம் என்று. ஏட்டு சுடலைக்கண்ணு அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் சந்தோஷப்பட்டு டீ சொன்னார். நான் எழுதிய பொய்யை நானே நம்பி அந்த டீயைக் குடித்தேன். டம்ளரை வைப்பதற்குள் அத்தை கூப்பிட்டார்கள்.

"பிள்ள கத்துது மாப்பிள. எடுட்டின்னா, யாராச்சும் வளத்துக்கிடுங்கம்மா, எனக்குப் போகணும்னு சொல்லுதா. எங்கன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா."

அவளைத் தனியே விட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அனுமதி வாங்கி பைக்கை எடுத்தேன். செங்கோட்டை தாண்டித் தென்காசி வந்து, குற்றாலம் ரோடு பிரிகிற இடத்தில் கால் தானாக பிரேக்கை மிதித்தது. மலையில் மேகம் இறங்கி சாரல் முகத்தில் அடித்தது. பைகளோடு ஜனங்கள் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவளை ஒருநாள் கூட்டி வந்து தண்ணீரில் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது என் நல்ல நாட்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அங்கேயே நின்று ஸ்ரீவித்யாவைக் கூப்பிட்டு, பதில் போட்டதெல்லாம் நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, யாராவது கூடவே இருக்கட்டும் என்றார். உமாராணியின் போன் அணைந்திருந்தது. அதனால் நான் போய்ச் சேர்ந்ததும் என் போனில் அவளையே பதில் சொல்லச் சொல்லி அனுப்பும்படியும், உடனே பேசுவதாகவும் சொன்னார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அத்தை பிள்ளையைத் தோளில் போட்டு வாசலில் நடந்துகொண்டிருந்தார்கள். நான் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, நீ நல்லா இருக்கன்னு அஞ்சு வாரமா நாந்தான் எழுதி அனுப்புனேன்."

திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"எதப் பாத்து எழுதுனிய?"

"பழசத்தான். அருவிக்குப் போவோம்லா, அத நெனச்சு."

"அவ இப்ப இல்லங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன். யோசித்து யோசித்துச் சொன்னாள். சிரிக்க முடிந்ததா? இல்லை. பிள்ளையைத் தூக்கத் தோன்றியதா? ஒருநாள் தோன்றியது, பயந்து விட்டுவிட்டேன் என்றாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே போட்டேன். பத்தாவதை வாசிக்காமல் நிறுத்திவிட்டேன். போனை வாங்கி அவளே படித்தாள்.

"முந்தாநேத்து தோணிச்சு. இன்னைக்குக் காலைலயும்."

அவளே அழுத்தி அனுப்பினாள். அதன் பிறகுதான் அழுதாள், பிரசவத்துக்குப் பின் முதல் முறையாகச் சத்தம் போட்டு. நானும் அழுதேன்.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. என் நம்பர், என் போன். எடுத்துப் பேசப் பழக்கத்தில் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு காதில் வைத்தாள்.

"உமாராணிதான் பேசுதேன்" என்றாள்.