ரொவேனா மாட்டிய ஸ்பிரிங்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் தெருமுனையில் வேப் என்னும் மின்சிகரெட் கடை வைத்திருக்கும், நாங்கள் 'குயா' (அண்ணா) என்று கூப்பிடும் ஓபெட், சுவரில் ஒட்ட ஒரு தாள் எழுதித் தரச் சொன்னார். மெக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி என்று.

"நீதான் காலேஜ் படிச்சவன். வர்றவன் ஒவ்வொருத்தனுக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குதுடா."

எழுதினேன்:

மெக் என்பது புகை இழுக்கும் ஒரு செம்புக் குழாய். உள்ளே பாட்டரி, அடியில் பட்டன், தலையில் சூடேறிப் புகை தரும் காயில். வேறு எந்தக் காவலும் கிடையாது. மரையில் அழுக்குச் சேர்ந்தால் மின்சாரம் தடுமாறும், புகை மெலியும். எனவே வாரம் ஒருமுறை உங்கள் மனைவி

[தாளில் மனைவிக்கு என்ன வேலை? அடித்துவிட்டேன். அடித்த இடத்திலிருந்து இந்தக் கதை.]

கதையில் கேள்வி ஒன்றுதான். இப்போதே சொல்லிவிடுகிறேன். இறந்துபோன மனைவி தன் கணவனின் மெக்குக்குள் மாட்டிவைத்த ஸ்பிரிங்கை அவன் கழற்ற வேண்டுமா, வேண்டாமா?

2

அவன் பெயர் எல்மர். அவள் ரொவேனா. இருவரையும் நான் உண்டாக்கினேன். ஓபெட்டை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டேன், கேட்டால் கோபிக்கமாட்டார்.

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்தது. [எங்கள் பகோர் ஊரில் மழை பெய்யாத ஜூலை எது? வேண்டாம்.]

இரண்டாவது: சவப்பெட்டியின் கண்ணாடி வழியாக அவள்

[முடியவில்லை.]

மூன்றாவது: ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் ரொவேனா பழைய செய்தித்தாளை விரிப்பாள். மெக்கைக் கழற்றுவாள். கரும்பு வினிகர், கல்லுப்பு, தேய்ந்த பல்துலக்கி. மரை மரையாகத் தேய்த்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைப்பாள். பக்கத்துத் தட்டில் பொரித்த கருவாடு. தொட்டுக்கொள்ள அதே வினிகர்.

"எந்தக் கிண்ணம் எதுக்குன்னு சொல்லிட்டு வை" என்பான் எல்மர்.

"எதுவா இருந்தா என்ன? ரெண்டும் உன் வாய்க்குத்தானே போகுது."*

அவள் புகைப்பதில்லை. அவன் விடும் புகையின் மாம்பழ வாசனையே அவளுக்கு ஆகாது. பிறகு ஏன் தேய்த்தாள்? ஒரு பாத்திரம் செய்வதற்குக் காரணம் வேண்டும். எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரியாமலே எழுதினேன்.

* செம்பை வெளியே மினுக்கினால் மெக் பிடிக்கும் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் சண்டைக்கு வருவார்கள். கைபட்டுக் கறுத்தால்தான் அவர்களுக்குப் பெருமை. ரொவேனா வெளியே தொடமாட்டாள்.

3

டெங்குக் காய்ச்சல். இந்தப் பத்தி இதற்குமேல் நீளாது.

ஓராண்டு நினைவுப் பூசை முடிந்து, துக்கத்துக்குப் போட்ட கறுப்புச் சட்டையை மாற்றிய வாரம், எல்மர் மெக்கை ஓபெட்டிடம் கொண்டுபோனான். புதுப் பாட்டரி போட்டும் புகை வரவில்லை.

ஓபெட் மூடியைத் திருகினார். மரை கீச்சென்றது.

"என்னடா இது, உள்ள சாக்கடையே ஓடுது. யாரும் தொடலையா?"

"ஒரு வருஷமா தொடல, குயா."

ஓபெட் துணியைச் சாராயத்தில் நனைத்து ஒவ்வொரு பாகமாகத் துடைத்தார். கடைசியாகப் பட்டனைக் கழற்றினார். ஒரு ஸ்பிரிங் கண்ணாடி மேசையில் உருண்டது.

"இது இதோட ஸ்பிரிங்கே இல்லையே. ஷாம்பு பாட்டில் பம்புல இருக்குறதுடா இது. ரெண்டு மடங்கு கெட்டி. பட்டன் மேல போய்ப் பாட்டரியை அழுத்தித் தொட விடாது. அப்புறம் புகை எங்கேர்ந்து வரும்?"

"முன்னாடி நல்லா வந்துச்சே."

"மத்த இடமெல்லாம் சுத்தமா இருந்துச்சு. அதனால தெரியல." ஓபெட் ஸ்பிரிங்கை விரலில் அழுத்திப் பார்த்தார். "அவ ஒருநாள் இங்க வந்தா. பாக்கெட்டுக்குள்ள பட்டன் தானா அமுங்கினா என்ன ஆகும்னு கேட்டா. தொடை வெந்துடும், பாட்டரி வெடிச்சாலும் வெடிக்கும்னேன். அதுக்குத்தானே பூட்டு வளையம், திருகி வெச்சா போதும்னேன். 'என் வீட்டுக்காரன் திருகுவான்னு நினைக்கிறீங்களா குயா'ன்னு சிரிச்சா."

எல்மர் ஒருநாளும் திருகியதில்லை.

இங்கேதான் எனக்குக் காரணம் கிடைத்தது. அவன் பையில் மெக் சுடாதிருக்க அவள் ஸ்பிரிங்கை மாற்றினாள். மாற்றியது அவனுக்குத் தெரியாதிருக்க, ஸ்பிரிங் தின்ற புகையை ஞாயிறுதோறும் தேய்த்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

4

இந்த இடத்தில் எல்மர் அழவேண்டும். இரண்டு முறை அழவைத்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.

அவன் தன் தொடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அந்த ஒரு வருடமும் மெக் அவன் பையிலேயே கிடந்தது. மோட்டார் சைக்கிளில், ஜீப்னி வண்டியின் நெரிசலில், சட்டை மாற்றாமல் தூங்கிய பகல்களில். பூட்டவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. வெடித்தால் வெடிக்கட்டும் என்றுகூடச் சில நாட்கள் [போதும்.]

"நன்றி" என்றான்.

"எனக்கா?"

"இல்ல, குயா."

"அதானே பாத்தேன்."

5

முடிவுகள்.

அ) ஓபெட்டைக் கேட்டால் சொல்வதுபோல், ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பட்டனைத் தள்ளிவைக்க அந்த இடத்தில் காந்தம் வைப்பது. கடையே மறையும் அளவுக்குப் புகை வரும். எல்மர் இனிப் பூட்டக் கற்றுக்கொள்வான்.

ஆ) அதையே மாட்டுவது. மெல்லிய புகை. ஞாயிறுதோறும் வினிகர், உப்பு, அவன் கையாலேயே.

முதலாவதில் அவள் வேலை முடிந்துவிடுகிறது. இரண்டாவதில் முடியவே முடியாது. இரண்டையும் எழுதி இரண்டையும் கிழித்தேன். அப்போது ஓபெட் சின்னக் கட்டரை எடுத்தார். அதை நான் யோசித்திருக்கவில்லை.

"வெட்டலாம்டா. ஒரு சுத்து வெட்டினா புகை கொஞ்சம் ஏறும், கெட்டியும் இருக்கும். ரெண்டு வெட்டினா நல்லாவே வரும். மூணு வெட்டிட்டா, அப்புறம் நீதான் பாத்துக்கணும். அவ பாத்துக்கமாட்டா."

கட்டரின் வாய் ஸ்பிரிங்கின் மேல் திறந்து நிற்கிறது.

"எங்க வெட்ட, சொல்லு."

எல்மர் ஸ்பிரிங்கையே பார்க்கிறான். எத்தனை சுற்று என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லை. அவன் உயிரோடுதான் இருக்கிறான், காத்திருப்பான்.