முட்டி வலித் தைலம்

குடித்துவிட்டு அழுகிறவனைக் கண்டால் எனக்கு இரக்கம் வராது, எரிச்சல்தான் வரும். ராஜபாளையத்தில் இந்த பாரின் அடுப்படியில் ஆறு வருஷமாக ஆம்லெட் போடுகிறேன். எத்தனையோ அழுகையைப் பார்த்தாயிற்று. என் வீட்டுக்காரரும் குடித்தே போனவர்தான். வாய் நாறும், கால் நிற்காது, ஆனாலும் "நான் எங்கட்டி குடிச்சேன்?" என்பார். சாகும்வரைக்கும் ஒரு நாள்கூட ஒத்துக்கொண்டதில்லை.

அன்றைக்குக் கடை திறந்த பன்னிரண்டு மணிக்கே அந்த ஆள் வந்து மூலை மேசையில் உட்கார்ந்தார். ஐம்பது வயசு இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பழக்கம் இல்லாதவர் என்பது குடித்த விதத்திலேயே தெரிந்தது; மருந்து குடிப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தார். ஒன்றரை மணிக்கு மேசையில் தலையை முட்டி முட்டி அழ ஆரம்பித்தார். பாரை எடுத்து நடத்தும் விஜயபாண்டி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். இப்படிப்பட்டவர்களை எழுப்பி அனுப்புகிற வேலையும் என் தலையில்தான் விழும்.

"ஏன் சார், நேரத்தோட வீட்டுக்குப் போகலாம்ல?" என்றேன்.

"வீடு இல்லம்மா. நான் சாமியாரு" என்றார். "சர்ச் சாமியாரு. ஃபாதர்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்களே இங்கன வந்து உக்காந்தா மத்தவன் எங்க போவான்?"

"அதத்தான் நானும் கேக்கேன்" என்று சொல்லி மறுபடியும் அழுதார்.

பெயர் சூசைமாணிக்கமாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஐந்து ஊர்க் கோயில்களுக்கு அவர் ஒருவர்தான். அங்கே குடித்தால் தெரிந்துவிடும் என்று இங்கே வந்திருக்கிறார். வண்டியிலேயே அலைந்து இரண்டு முட்டியும் போய்விட்டது, படுத்தால் தூக்கம் இல்லை என்றார். நான் கொண்டுவந்து வைத்த ஆம்லெட்டைத் தொடாமல் நடந்ததைச் சொன்னார்.

சுந்தரபாண்டியத்தில் ஏசம்மாள் என்று ஒரு அம்மா முடியாமல் கிடந்திருக்கிறது. அவர்கள் வழக்கத்தில், சாகக் கிடப்பவருக்குச் சாமியார் வந்து நெற்றியிலும் கையிலும் மந்திரித்த எண்ணெய் பூச வேண்டும். அது இல்லாமல் போய்விடக் கூடாது என்பதுதான் எல்லாருக்கும் பயமாம். முந்தின நாள் சாயங்காலம் இவர் போயிருக்கிறார். பையில் ஒரே மாதிரி இரண்டு குப்பி. ஒன்று மந்திரித்த எண்ணெய். இன்னொன்று இவர் முட்டிக்குத் தேய்க்கிற தைலம்.

"நெத்தியில சிலுவை போட்ட பொறவுதான் வாசம் அடிச்சுது" என்றார். "குப்பி மாறிப்போச்சு. அந்தம்மா கண்ணத் தொறந்து, 'மணம் வேற மாதிரி இருக்கே சாமி'ன்னு கேட்டுச்சு. வீட்டாளுக அம்புட்டுப் பேரும் என்னையே பாக்காக. பிஷப் அனுப்புன புது எண்ணென்னு சொல்லிட்டேன்."

"சரியான குப்பியப் போய் எடுத்துட்டு வந்திருக்க வேண்டியதுதான?"

"போகவே வேண்டாம்மா. அவசரத்துக்கு வேற எண்ணெய நானே அங்கன மந்திரிச்சுப் பூசலாம். ரெண்டு வரி ஜெபம், அம்புட்டுதான்."

"அடுப்படி நல்லெண்ணெ இருந்தாக்கூடவா?"

"அது போதும். ஆனா, மாத்தி எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணுமே. வெக்கம். காலையில வந்து யாருக்கும் தெரியாமப் பூசிருவோம்னு போய்ப் படுத்துட்டேன். விடியுமுன்ன போன் வந்துருச்சு. சாகக் கெடந்த பொம்பளகிட்டப் பொய்யைச் சொல்லி, வெறுமனே அனுப்பிட்டேன்மா."

நாலு மணிக்கு அடக்கம். இவர்தான் முன்னால் நின்று ஜெபம் சொல்ல வேண்டும். அந்தம்மா முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். இதைக் கேட்ட பிறகு எனக்கு வைவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

மேசைமேல் இருந்த போன் அடித்தது. "ஜூடி" என்று காட்டியது.

"அந்தம்மா மக" என்றார்.

"குடுங்க. காய்ச்சல்னு சொல்லிருதேன். வேற சாமியாரக் கூப்புட்டுக்கிடட்டும்" என்று கையை நீட்டினேன். நிஜமாகவே உதவி செய்யத்தான் நினைத்தேன்.

அவர் கொடுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைக் கையில் பிடிக்க முடியாமல் மேசையிலேயே வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஜூடி, நான் குடிச்சிருக்கேன்" என்றார். "இந்த வாயோட வந்து அடக்கம் பண்ண மாட்டேன். இன்னொண்ணும் சொல்லணும். நேத்து அம்மாவுக்குப் பூசுனது மந்திரிச்ச எண்ணெ இல்ல, என் முட்டி வலித் தைலம். தெரிஞ்சுதான் பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஒப்பாரிச் சத்தம் மட்டும் கேட்டது. விஜயபாண்டிகூட டம்ளர் அடுக்குவதை நிறுத்திவிட்டான்.

"தெரியும் சாமி" என்றது அந்தப் பெண்ணின் குரல். "நீங்க போன ஒடனே அம்மா சொல்லிருச்சு. 'சாமி தைலத்த மாத்திப் பூசிட்டாரு. யாரும் கேட்டுராதீங்க, பாவம், கூசிப்போவாரு. ஜெபம் மாறலைல்ல, எனக்கு அது போதும்'னுச்சு."

சாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணனுக்குக் கோவந்தான். எனக்கும் இல்லாம இல்ல. நீங்க இல்லாதப்ப ஜெபம் நடத்துற உபதேசியாரே இன்னைக்கும் சொல்லட்டும் சாமி. நீங்க குளிச்சிட்டு, கூட்டத்தோட பின்னால வந்து நில்லுங்க. தைலக் குப்பிய அம்மா தலமாட்டுலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. ராத்திரி முழுக்க, 'அவருக்கு முட்டி வலிக்குமே, குடுத்து விடுங்க'ன்னு சொல்லிக்கிட்டே கெடந்துச்சு."

அவர் மேசையில் கவிழ்ந்துவிட்டார். குடித்து அழுகிறவனை எனக்குப் பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா. என் கண்ணும் நிறைந்துவிட்டது. வெங்காயம் நறுக்கினேன் என்று யாரிடமும் பொய் சொல்லவும் தோன்றவில்லை. குடிச்சிருக்கேன் என்ற அந்த ஒரு வார்த்தையை என் வீட்டுக்காரர் வாயிலிருந்து கேட்கத்தானே இருபது வருஷம் காத்துக் கிடந்தேன்.

அடுப்படிக் குழாயடியில் அவரை உட்காரவைத்துத் தலையில் நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். வண்டிச் சாவியைப் பிடுங்கி விஜயபாண்டியிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவுக்குச் சொன்னேன். பாரின் மூன்று படியையும் ஒவ்வொன்றாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"சாமி" என்று கூப்பிட்டேன். திரும்பினார்.

"மறக்காம அந்தத் தைலத்த வாங்கித் தேயுங்க."